கண்ணாடிக் குவளையில் எரிந்த மெழுகுவர்த்தி பிளந்துவிட்டது, இனி வீட்டில் ஏற்றலாமா?

வேளச்சேரி கீதா:

வணக்கம். இரண்டு நாளாக மனசு சரியில்லை, அதனால்தான் இங்கே வந்து கேட்கிறேன். போன தீபாவளிக்கு ஆபீஸ் தோழி ஒரு வாசனை மெழுகுவர்த்தி கொடுத்தாள், உள்ளங்கையில் அடங்குகிற கண்ணாடிக் குவளை, லாவெண்டர் வாசனை. எப்போதாவது சனிக்கிழமை சாயங்காலம் வீட்டைத் துடைத்து முடித்துவிட்டு ஏற்றுவேன். இந்தச் சனிக்கிழமையும் ஏற்றினேன். அடியில் அரை விரல் கனத்துக்குத்தான் மெழுகு மிச்சம் இருந்தது, இன்றோடு தீர்ந்துபோகட்டும் என்று விட்டுவிட்டேன். ஹாலில் டீப்பாய் மேல் அதை வைத்துவிட்டு உள்ளே தோசை வார்த்துக்கொண்டிருந்தபோது டப் என்று ஒரு சத்தம். ஓடிவந்து பார்த்தால் குவளை அடியிலிருந்து விளிம்பு வரை பிளந்து கிடக்கிறது, உருகிய மெழுகு டீப்பாய் முழுக்கப் பரவி ஓரத்தில் இருந்து மொசைக் தரையில் சொட்டிக்கொண்டிருக்கிறது, திரி சாய்ந்து விழுந்து பக்கத்தில் இருந்த பேப்பரின் ஓரம் பற்றிக்கொண்டுவிட்டது. என் மகளுக்கு நாலு வயசு, ஒரு கை தூரத்தில் சோபாவில் உட்கார்ந்து டிவி பார்த்துக்கொண்டிருந்தாள்.

எதையும் யோசிக்கத் தோன்றவில்லை. டைனிங் டேபிள் மேல் இருந்த சொம்புத் தண்ணீரை எடுத்து அப்படியே கொட்டிவிட்டேன். புஸ்ஸென்று ஆவி கிளம்பி மெழுகு தெறித்து என் முன்கையில் மூன்று இடத்தில் பட்டது. தீ அணைந்துவிட்டது, அதுவரை சரி. கையில் டூத்பேஸ்ட் பூசிக்கொண்டேன், இன்னும் எரிச்சல் இருக்கிறது.

இப்போது என் கவலை மழைக்காலம். 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது எங்கள் தெருவில் நாலு நாள் கரண்ட் இல்லை, கீழ்த்தளத்தில் தண்ணீர், நாங்கள் இரண்டாவது மாடியில் மெழுகுவர்த்தியை நம்பித்தான் இருந்தோம். எங்கள் அத்தை (மாமியார்) டம்ளரைக் கவிழ்த்து அதன் மேல் மெழுகைச் சொட்டி மெழுகுவர்த்தியை நட்டுவைப்பார்கள், ஜன்னல் திண்டில் ஒன்று, பிரிட்ஜ் மேல் ஒன்று. நான் ஏதாவது சொன்னால், "காலம் பூராவும் இப்படித்தானே ஏற்றினோம், உங்கள் காலத்தில்தான் எல்லாவற்றுக்கும் பயம்" என்கிறார்கள். அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிற மாதிரிதான் தோன்றுகிறது. குவளை ஏன் பிளந்தது, நான் தண்ணீர் ஊற்றியது சரியா, கரண்ட் போனால் எங்கே எப்படி வைப்பது, அனுபவம் உள்ளவர்கள் கொஞ்சம் சொல்லுங்கள். தரையில் படிந்த மெழுகும் போகவில்லை, அதற்கும் வழி இருந்தால் சொல்லுங்கள்.

மெழுகுக்காரி, கோவை:

கீதா, பாப்பாவுக்கு ஒன்றும் ஆகவில்லை என்று படித்த பிறகுதான் எனக்கு மூச்சு வந்தது. நான் ஆறு வருஷமாக வீட்டிலேயே மெழுகுவர்த்தி செய்து விற்கிறேன். அதனால் குவளை ஏன் பிளந்தது என்பதை நான் சொல்கிறேன், தீ அணைக்கிற விஷயத்தை அந்தத் துறையில் இருந்தவர்கள் யாராவது வந்து சொல்லட்டும்.

அரை விரல் கனத்துக்குத்தான் மெழுகு மிச்சம் என்று எழுதியிருக்கிறீர்களே, காரணம் அதுதான். குவளைக்கு அடியில் திரியைப் பிடித்து நிறுத்த ஒரு சின்னத் தகர வில்லை இருக்கும். மேலே மெழுகு இருக்கும்வரை சூட்டை அது வாங்கிக்கொள்ளும். மெழுகு வற்றிப்போனால் சுடர் அந்த வில்லையை நேராகச் சூடாக்கும், வில்லை கண்ணாடியின் அடியைச் சூடாக்கும். அடி கொதிக்கிறது, விளிம்போ ஆறிக் கிடக்கிறது. கண்ணாடி ஓர் இடத்தில் விரிந்து இன்னோர் இடத்தில் விரியாமல் இழுபட்டால் பிளக்காமல் என்ன செய்யும்? அதனால் குவளை மெழுகுவர்த்தியில் 1 செ.மீ. மிச்சம் இருக்கும்போதே நிறுத்திவிட வேண்டும். காசு கொடுத்து வாங்கியது வீணாகிறதே என்று எல்லோருக்கும் தோன்றும், என் வாடிக்கையாளர்களில் பாதிப் பேர் இதைத்தான் கேட்பார்கள். ஆனால் அந்தக் கடைசி ஒரு சென்டிமீட்டர் எரிப்பதற்காக ஊற்றியது இல்லை.

இரண்டு விஷயம் கேட்கிறேன், யோசித்துச் சொல்லுங்கள். மேலே ஃபேன் ஓடிக்கொண்டிருந்ததா? திரியை எப்போதாவது கத்தரித்தீர்களா? காற்றில் சுடர் ஒரே பக்கமாகச் சாய்ந்தால் அந்தப் பக்கத்துக் கண்ணாடி மட்டும் சூடாகும், கருப்புக் கரியும் அந்தப் பக்கம்தான் படியும். திரி நீளமாக இருந்தால் சுடர் பெரிதாகி ஆடிக்கொண்டே இருக்கும், நுனியில் காளான் மாதிரி ஒரு கருப்பு முடிச்சு கட்டும், அது உடைந்து மெழுகுக்குள் விழுந்தால் இரண்டாவது திரி மாதிரி அதுவும் எரியும். ஒவ்வொரு தடவையும் ஏற்றுவதற்கு முன்னால், மெழுகு ஆறிக் கெட்டியாக இருக்கும்போது, திரியை 6 மில்லிமீட்டர் விட்டு வெட்டுங்கள், ஒரு நெல்மணி நீளம் என்று வைத்துக்கொள்ளுங்கள். நகவெட்டியே போதும். வெட்டின துண்டை உள்ளேயே போட்டுவிடாமல் எடுத்து வெளியே போடுங்கள், தீக்குச்சித் துண்டும் உள்ளே கிடக்கக்கூடாது.

மெழுகு எப்படி எரிகிறது என்று புரிந்துவிட்டால் மற்றதெல்லாம் தானாகப் புரியும், அதனால் இதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். எரிவது திரி இல்லை, உருகிய மெழுகும் நேராக எரிவதில்லை. திரி மெழுகை உறிஞ்சி மேலே கொண்டுபோகிறது, சுடரின் சூட்டில் அது ஆவியாகிறது, அந்த ஆவிதான் எரிகிறது. ஒரு மெழுகுவர்த்தியை ஊதி அணைத்ததும் திரியிலிருந்து வெள்ளைப் புகை ஒன்று நூல் மாதிரி எழும், பார்த்திருப்பீர்கள். எரிகிற தீக்குச்சியை இரண்டு அங்குலம் மேலே அந்தப் புகையில் காட்டினால் நெருப்பு புகை வழியாகவே கீழே இறங்கி வந்து திரியைப் பற்றிக்கொள்ளும், குச்சி திரியைத் தொடவே வேண்டாம். லண்டன் ராயல் இன்ஸ்டிடியூஷனில் 1860 கிறிஸ்துமஸ் விடுமுறையில் மைக்கேல் ஃபாரடே மெழுகுவர்த்தி ஒன்றையே வைத்துச் சிறுவர்களுக்கு ஆறு பேருரை நடத்தினார், அதில் இதையும் செய்து காட்டினார். என் பெண்ணுக்கு நான் இதைக் காட்டிய பிறகு, அணைந்துவிட்டது என்று நினைத்து மெழுகுவர்த்தி மேல் குனிவதையே அவள் விட்டுவிட்டாள்.

அப்புறம், வாயால் ஊதி அணைக்காதீர்கள். ஊதினால் சூடான மெழுகு தெறிக்கும், புகையும் வரும். ஒரு ஸ்பூன் காம்பால் திரியைச் சாய்த்து உருகிய மெழுகிலேயே முக்கி, உடனே நிமிர்த்திவிடுங்கள். புகையே வராது, அடுத்த தடவை ஏற்றவும் சுலபம். ஒரேயடியாக நாலு மணி நேரத்துக்கு மேல் எரியவிட வேண்டாம், அணைத்து ஆறவிட்டுத்தான் மறுபடி ஏற்ற வேண்டும். எரியும்போதோ, அணைத்த உடனேயோ குவளையைக் கையில் எடுக்காதீர்கள். கடப்பா, கிரானைட் மாதிரிச் சில்லென்ற கல் மேல் நேராக வைக்காமல் அடியில் ஒரு பீங்கான் தட்டு வையுங்கள். கண்ணாடியில் மயிரிழை விரிசல் தெரிந்தாலும் அன்றோடு அதை விட்டுவிடுங்கள். யூடியூப் பார்த்துவிட்டு ஊறுகாய் பாட்டிலிலும் ஜூஸ் டம்ளரிலும் மெழுகு ஊற்றி ஏற்றுகிறவர்களைப் பார்த்தால் எனக்கு வயிற்றைக் கலக்குகிறது, அந்தக் கண்ணாடி இந்தச் சூட்டுக்காகச் செய்தது இல்லை.

தரையில் படிந்த மெழுகுக்குச் சுடுதண்ணீர் வேண்டாம், மொசைக்கின் நுண்துளைக்குள் இன்னும் இறங்கிவிடும். ஐஸ் கட்டியை பிளாஸ்டிக் கவரில் போட்டு அதன் மேல் பத்து நிமிஷம் வையுங்கள், மெழுகு சுருங்கிப் பெயர்ந்து வரும், பழைய பிளாஸ்டிக் ஸ்கேலால் நெம்பி எடுங்கள். துணியில் பட்டிருந்தால் சுரண்டிவிட்டு, மேலும் கீழும் டிஷ்யூ பேப்பர் வைத்து அயர்ன் பாக்ஸைக் குறைந்த சூட்டில் ஓட்டினால் காகிதம் உறிஞ்சிக்கொள்ளும். மிச்ச மெழுகைச் சூடாக்கி சிங்க்கில் மட்டும் ஊற்றிவிடாதீர்கள், குழாய்க்குள் போய்க் கெட்டியாகி அடைத்துக்கொள்ளும். சுவரில் கரி இருந்தால் ஈரத்துணி போடாமல் முதலில் காய்ந்த ஸ்பாஞ்சால் ஒற்றி எடுங்கள்.

ஓய்வுபெற்ற தீயணைப்பாளர்:

அம்மா கீதா, முப்பத்தோரு வருஷம் தீயணைப்புத் துறையில் இருந்தவன் நான். நீங்கள் தண்ணீர் ஊற்றியதைப் பற்றித்தான் முதலில் பேச வேண்டும். பேப்பர் பற்றினதற்குத் தண்ணீர் சரி. மெழுகு பற்றியிருந்தால் தண்ணீர் ஊற்றவே கூடாது. அன்றைக்கு மெழுகு கொஞ்சமாக இருந்து பரவியும் கிடந்ததால் மூன்று சொட்டோடு போயிற்று.

நாம் வாங்குகிற மெழுகு 50, 60 டிகிரியில் உருகிவிடும். அப்படியே சூடு ஏறிக்கொண்டே போய் 200 டிகிரியைத் தாண்டினால் திரி இல்லாமலே மேற்பரப்பு முழுக்கப் பற்றிக்கொள்ளும். அந்த நிலையில் உள்ள மெழுகில் தண்ணீர் விழுந்தால், தண்ணீர் கனம் என்பதால் அடிக்குப் போகும், போன வேகத்தில் ஆவியாகும். ஒரு லிட்டர் தண்ணீர் ஆவியானால் சுமார் 1,700 லிட்டர் இடம் வேண்டும். அது வெளியே வருகிற வேகத்தில் எரிகிற மெழுகை எல்லாம் துளித் துளியாகத் தூக்கி அடிக்கும், ஆள் உயரத்துக்கு நெருப்புப் பந்து எழும்பும். எண்ணெய்ச் சட்டியில் தண்ணீர் ஊற்றினால் என்ன ஆகுமோ அதேதான்.

இதை நான் ஒரு வீட்டில் கண்ணால் பார்த்தேன். கார்த்திகை தீபத்தன்று அகல் விளக்குக்குப் பதிலாகச் சின்ன அலுமினியக் கிண்ணத்தில் வருகிற டீலைட் மெழுகை நாற்பது, ஐம்பது வாங்கி, ஒரு பித்தளைத் தாம்பாளத்தில் கோலம் மாதிரி நெருக்கி அடுக்கி ஹால் நடுவில் வைத்திருந்தார்கள். பார்க்க அழகாகத்தான் இருந்திருக்கும். ஒன்றின் சூடு இன்னொன்றுக்கு ஏறி, அரை மணியில் எல்லாமே தண்ணீராக உருகி, சுடர்கள் ஒன்றோடொன்று சேர்ந்து முழங்கால் உயரத்துக்கு ஒரே தீயாகிவிட்டது. பயந்துபோன வீட்டுக்காரர் ஒரு வாளித் தண்ணீரை வீசிவிட்டார். நாங்கள் போனபோது சீலிங்கில் மெழுகு தெறித்த கருப்பு வட்டம் வட்டமாக இருந்தது, அவருக்கு முகத்திலும் இரண்டு கையிலும் காயம். தாம்பாளத்தை ஒரு பெரிய மூடியால் மூடியிருந்தால் அரை நிமிஷத்தில் அடங்கியிருக்கும். டீலைட் ஏற்றுவதாக இருந்தால் ஒன்றுக்கும் இன்னொன்றுக்கும் குறைந்தது 10 செ.மீ. இடைவெளி விடுங்கள், வாசல் படியில் வைக்கிற மெழுகானாலும் இதுதான் கணக்கு.

மெழுகு பற்றினால் செய்ய வேண்டியது மூடுவது. சாதம் வடிக்கிற தட்டோ குக்கர் மூடியோ எது பக்கத்தில் இருக்கிறதோ அதை ஓரத்திலிருந்து சறுக்கி மூடுங்கள், உடனே திறந்து பார்க்காதீர்கள், நன்றாக ஆறும்வரை விடுங்கள். கீழே பரவினால் மணல் போடலாம், கை நிறையச் சமையல் சோடாவையும் தூவலாம். கையை மீறிவிட்டது என்று தோன்றினால் எதையும் எடுக்காமல் ஆட்களைக் கூட்டிக்கொண்டு வெளியே வந்து கதவைச் சாத்திவிட்டு 101 அல்லது 112. உடையில் பற்றினால் ஓடக்கூடாது, படுத்து உருள வேண்டும். பாலியஸ்டர் நைட்டி, நைலக்ஸ் புடவை, நைலான் துப்பட்டா, இவை எல்லாம் உருகித் தோலில் ஒட்டிக்கொள்ளும், அதனால் மெழுகுவர்த்திக்கு மேலே கையை நீட்டி எதையும் எடுக்கும் பழக்கத்தை விடுங்கள்.

உங்கள் மாமியார் சொல்வதை நான் தள்ளிவிட மாட்டேன். அவர்கள் சொல்கிற காலத்தில் வீடு அப்படி இருந்தது. சிமெண்டுத் தரை, சுவரில் ஒரு மாடம், உட்காரப் பாய், கட்டியிருப்பது நூல் புடவை, ஜன்னலுக்குத் திரையே கிடையாது. இன்றைக்கு ஹாலில் இருப்பதைப் பாருங்கள்: பாலியஸ்டர் கர்ட்டன், ஃபோம் சோபா, பிளாஸ்டிக் நாற்காலி, பிளைவுட் டிவி ஸ்டாண்ட். ஃபோம் பற்றினால் சில நிமிஷத்தில் அறை முழுக்கக் கரும்புகை, அந்தப் புகையில் உள்ள விஷம்தான் முதலில் ஆளைச் சாய்க்கிறது. மெழுகுவர்த்தி மாறவில்லை அம்மா, அதைச் சுற்றி இருக்கிற வீடு மாறிவிட்டது. இதை அவர்களிடம் இப்படியே சொல்லிப் பாருங்கள், பயமுறுத்தாமல் சொன்னால் பெரியவர்கள் கேட்பார்கள்.

ஜன்னல் திண்டு வேண்டவே வேண்டாம், திரை பறந்து வரும். பிரிட்ஜ் மேலும் வேண்டாம், மேலே பிளாஸ்டிக் கவர் விரித்திருப்போம், கதவைத் திறந்து மூடும்போது ஆடும். பற்றக்கூடிய எந்தப் பொருளும் சுற்றிலும் 30 செ.மீ. தள்ளி இருக்க வேண்டும், நேர் மேலே ஷெல்ஃப் இருந்தால் ஒரு மீட்டர், ஏனென்றால் சூடு மேலேதான் போகும். கட்டில், மெத்தை, கொசுவலை இருக்கிற அறைக்குள் கொண்டே போகாதீர்கள். நான் போன வீடுகளில் மெழுகுவர்த்தியால் பற்றினது பெரும்பாலும் ஒரே மாதிரிதான், ஏற்றிவைத்துவிட்டுத் தூங்கிவிட்டார்கள், இல்லை "இதோ வந்துவிடுகிறேன்" என்று பக்கத்து அறைக்குப் போய்விட்டார்கள். அறையை விட்டுப் போகிறீர்களா, அணைத்துவிட்டுப் போங்கள், ஒரு நிமிஷமானாலும் சரி. கரண்ட் போன நேரத்தில் கேஸ் வாடை லேசாக வந்தாலும் தீக்குச்சியைத் தொடாதீர்கள். கையில் சானிடைசர் போட்டிருந்தால் நன்றாகக் காய்ந்த பிறகுதான் ஏற்ற வேண்டும், அதில் பெரும்பகுதி ஆல்கஹால், பகலில் அந்தச் சுடர் கண்ணுக்குக்கூடச் சரியாகத் தெரியாது.

கையில் பட்டதற்கு டூத்பேஸ்ட் வேண்டாம், பேனா மை, மாவு, நெய் எதுவும் வேண்டாம். சுட்ட உடனே குழாயைத் திறந்து ஓடுகிற தண்ணீரில் 20 நிமிஷம் காட்ட வேண்டும், ஐஸ் கூடாது. மெழுகு ஆறினதும் தானாகப் பெயர்ந்தால் எடுக்கலாம், தோலோடு வந்தால் இழுக்கக்கூடாது. வளையல், மோதிரம் இருந்தால் வீங்குவதற்கு முன் கழற்றிவிடுங்கள். உங்களுக்கு இரண்டு நாளாகியும் எரிச்சல் இருப்பதால் டாக்டரிடம் ஒரு தடவை காட்டிவிடுங்கள், கொப்புளம் இருந்தால் உடைக்காதீர்கள்.

வேளச்சேரி கீதா:

ஐயா, அக்கா, இரண்டு பேருக்கும் எப்படி நன்றி சொல்வது என்று தெரியவில்லை. ஆமாம் அக்கா, ஃபேன் மூன்றில் ஓடிக்கொண்டிருந்தது, டீப்பாய் நேர் கீழே. திரியை வெட்ட வேண்டும் என்பதே எனக்கு இன்றுதான் தெரியும். உடைந்த குவளைத் துண்டை எடுத்துப் பார்த்தேன், ஒரு பக்கம் மட்டும் நெட்டுக்குக் கருப்பாக இருக்கிறது, பிளவும் அந்தப் பக்கத்தில்தான். கையைச் சாயங்காலம் கிளினிக்கில் காட்டிவிட்டு வந்தேன், மருந்து கொடுத்திருக்கிறார்கள்.

ஐயா, டம்ளரைக் கவிழ்த்து நடுவது தவிர வேறு என்ன செய்வது? சாதாரண வெள்ளை மெழுகுவர்த்திதான் எங்கள் தெருக் கடையில் கிடைக்கிறது, அதை நிறுத்தி வைக்க வீட்டில் ஒன்றுமே இல்லை.

வவுனியா வாசகன்:

தங்கச்சி, நிறுத்தி வைக்கிறதுக்கு நாங்கள் பிடித்த வழியைச் சொல்கிறேன். 2022 மார்ச் கடைசியில் இலங்கையில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் வரை மின்வெட்டு இருந்தது. டீசலும் இல்லை, கையில் காசும் இல்லை, சார்ஜ் லைட் வாங்குகிறவர்கள் வாங்கினார்கள், எங்களைப் போன்ற வீடுகளில் மெழுகுதிரியும் குப்பி விளக்கும்தான். அதுவும் மெழுகுதிரி விலை ஏறின ஏற்றத்தில் ஒன்றைப் பாதியாக வெட்டி ஏற்றின நாட்களும் இருக்கு.

முதலில் நாங்களும் கவிழ்த்த கோப்பையின் மேல் ஒட்டித்தான் வைத்தோம். மெழுகுதிரி எரிந்து அடிக்கு வரும்போது ஒட்டின மெழுகும் இளகிவிடும், அப்போதுதான் அது சாயும். எரியத் தொடங்கி முதல் அரை மணித்தியாலம் ஒன்றும் நடக்காது, எல்லாரும் அயர்ந்துபோகிற நேரத்தில்தான் விழும். எங்கள் வீட்டில் மேசை விரிப்பில் விழுந்து ஒரு உள்ளங்கை அளவுக்கு எரிந்தது, பக்கத்தில் மகளின் கணக்குக் கொப்பி.

அதற்குப் பிறகு அம்மா ஒரு வெறும் பால்மாப் பேணியை (பால் பவுடர் டின்னை) எடுத்து முக்கால்வாசிக்கு ஆற்று மணல் நிரப்பி, அதற்குள் மெழுகுதிரியை நாலு விரல் ஆழத்துக்கு நட்டுவிட்டார். சாய இடமே இல்லை. உருகி வழிகிறதும் மணலுக்குள்ளேயே போய்விடும். எரிந்து அடிக்கு வந்தால் மணலில் புதைந்து தானே நூர்ந்துவிடும். தட்டி விழுத்தினாலும் மணல் கொட்டி அணையும். பேணி மணல் கனமாக இருப்பதால் பூனை உரசினாலும் அசையாது. மணல் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், அதில் குப்பை, சருகு, தீக்குச்சி எதையும் குத்தி வைக்கக்கூடாது. பேணியின் உட்பக்கத்தில் ஒட்டியிருக்கிற காகிதம், மேலே உள்ள பிளாஸ்டிக் மூடி இரண்டையும் கழற்றிவிடுங்கள்.

இன்னொன்று, படிக்கிற பிள்ளைகள். மகள் அந்த வருஷம் ஓஎல் (சாதாரண தர) சோதனைக்குப் படித்துக்கொண்டிருந்தாள். கொப்பியைப் பார்க்கக் குனியக் குனிய முன் மயிர் சுடருக்கு மேல் வந்துவிடும், ஒரு நாள் கருகின மணம் வந்து நான் பார்த்தபோது நெற்றி மயிர் நாலைந்து சுருண்டு கிடந்தது, அவளுக்குத் தெரியவே இல்லை. அதன்பின் தலைமயிரை இழுத்துப் பின்னால் கட்டச் சொன்னோம், திரியைக் கொப்பிக்கு முன்னால் வைக்காமல் இடது பக்கத்தில் கொஞ்சம் தள்ளி வைத்தோம். நுளம்பு வலைக்குள் டோர்ச் மட்டும்தான், இதில் எங்கள் அம்மா யாருக்கும் விட்டுக்கொடுக்கவில்லை.

நாகர்கோவில் ஸ்டெல்லா:

எங்கள் ஊரில் மெழுகுதிரி இல்லாத வீடு கிடையாது, நான் சொல்ல வேண்டியது சாமி படத்துக்கு முன்னால் ஏற்றுகிறதைப் பற்றி. ஹாலில் இயேசுவின் திருஇருதயப் படம் மாட்டி, அதன் கீழ் ஒரு மரப்பலகை அடித்து, அதில் மாதா சுரூபம், இரண்டு பக்கமும் பிளாஸ்டிக் ரோஜா, படத்தைச் சுற்றி ஜிகினா மாலை, இப்படித்தான் நிறைய வீட்டில் இருக்கும். இராச் செபம் முடிந்ததும் திரியை அணைக்க மனசு வராது, அணைத்தால் குற்றம் என்று எங்கள் அம்மாச்சி நினைத்தார்கள், எரிந்து தானாக முடியட்டும் என்று விட்டுவிட்டுப் படுத்துவிடுவோம். ஒரு இரவு ஜிகினா மாலையின் நுனி கீழே தொங்கி அதில் பட்டுவிட்டது. பிளாஸ்டிக் எரிகிற நாற்றத்தில் அம்மாச்சிதான் முதலில் எழுந்தார்கள். படச்சட்டத்தின் ஒரு மூலை இன்றைக்கும் கருகினபடியேதான் இருக்கிறது, நாங்கள் மாற்றவில்லை. அதன் பிறகு பலகையில் சின்ன மின்விளக்கு போட்டோம், செபம் சொல்லும் நேரத்துக்கு மட்டும் திரி, எழுந்திருக்கும்போது அம்மாச்சி கையாலேயே அணைப்பார்கள்.

நவம்பர் 2 கல்லறைத் திருநாளுக்குப் போகிறவர்களுக்கும் ஒரு வார்த்தை. ஒரே கல்லறையில் குடும்பத்தில் எல்லோரும் ஆளுக்கு ஐந்து திரி ஏற்றி, மேலே பூமாலையும் போட்டுவிடுவார்கள், மாலையின் நாரும் சருகும் சட்டென்று பற்றும். கூட்டத்தில் அடுத்த கல்லறைக்குக் குனியும்போது பின்னால் எரிகிற திரி யார் கண்ணுக்கும் தெரியாது. புடவை முந்தானையை இழுத்துச் செருகிக்கொள்ளுங்கள், சின்னப் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொள்ளுங்கள்.

ஓய்வுபெற்ற தீயணைப்பாளர்:

வவுனியாத் தம்பி சொன்ன மணல் பேணிக்கு மேல் நான் சொல்ல ஒன்றுமில்லை, அதையே செய்யுங்கள். ஒன்று மட்டும் சேர்த்துக்கொள்கிறேன், தீப்பெட்டியையும் லைட்டரையும் பாப்பாவின் கைக்கு எட்டாத உயரத்தில் ஒரே இடத்தில் வையுங்கள், வீட்டில் எல்லோருக்கும் அந்த இடம் இருட்டிலும் தெரிய வேண்டும். பக்கத்திலேயே ஒரு டார்ச்சும் இருக்கட்டும். முடிந்தால் சார்ஜ் ஏற்றுகிற எமர்ஜென்சி லைட் ஒன்று வாங்கிவிடுங்கள், புயல் அறிவிப்பு வந்த அன்றே சார்ஜ் போட்டுவிடுங்கள். குழந்தை இருக்கிற அறைக்கு அது, சமையலறைக்கு மெழுகுவர்த்தி, அப்படிப் பிரித்துக்கொள்ளலாம்.

வேளச்சேரி கீதா:

எல்லோருக்கும் ஒரு செய்தி சொல்லத்தான் வந்தேன். ஐயா எழுதியதை அத்தைக்குப் படித்துக் காட்டினேன். பாய், மாடம், நூல் புடவை என்று வந்த இடத்தில், "ஆமாம், எங்கள் மன்னார்குடி வீட்டில் மாடம்தான், திரையே கிடையாது" என்று அவர்களே சொன்னார்கள். பிறகு எதுவும் பேசவில்லை. மறுநாள் காலையில் நான் குளித்துவிட்டு வருவதற்குள், பக்கத்தில் வீடு கட்டுகிற இடத்தில் மேஸ்திரியிடம் கேட்டு ஒரு கவர் மணல் வாங்கிவந்து மொட்டை மாடியில் காயப்போட்டிருந்தார்கள். பழைய நெய் டின் இரண்டில் நிரப்பியாயிற்று. ஒன்று சமையல் மேடையில் அடுப்புக்கு எதிர்ப்பக்கம், ஒன்று ஹாலில் ஷோகேஸ் ஓரம், அங்கே இருந்த பிளாஸ்டிக் பூச்சாடியை எடுத்துவிட்டேன்.

நேற்று ராத்திரி ஏழரைக்குக் கரண்ட் போனது. நான் ஃபேன் சுவிட்சை அணைத்துவிட்டு, ஜன்னல் திரையை முடிச்சுப் போட்டுவிட்டு, ஹாலில் இருந்ததை மட்டும் ஏற்றினேன். பாப்பாவுக்கு ஸ்டூல் போட்டு ஒரு கோடு காட்டி, இதற்கு அந்தப் பக்கம் வரக்கூடாது என்றேன், வரவில்லை. நாற்பது நிமிஷத்தில் கரண்ட் வந்துவிட்டது. நான் ஸ்பூனை எடுக்க எழுவதற்குள் அத்தையே போய் அதை அணைத்துவிட்டு, மணலைத் தொட்டுப் பார்த்து, "இன்னும் சூடாக இருக்கிறது, யாரும் கை வைக்க வேண்டாம்" என்றார்கள்.